பாலத்தின் மேல் எழுந்த பட்டணம்

உலகில் அழிந்துபட்ட மாநகரங்கள் பல. சிலவற்றைக் கடல் கொண்டது. சிலவற்றைப் பாலைமணல் மூடியது. சிலவற்றைப் பகைவர் தீயிட்டுக் கொளுத்தினர். 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சூறையாடப்பட்டு, இடிபாடாய்க் கிடப்பதை இன்றும் ஹம்பியில் காண்கிறோம். ஆனால் பகைவர் படையெடுப்பு ஏதுமின்றி, தீயோ நிலநடுக்கமோ தீண்டாமல், கட்டியவரே கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்று சொல்லும்படி முழுமையாய் நின்றுகொண்டிருக்கும் தலைநகரம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுவே பத்தேபூர் சிக்ரி.

ஆக்ராவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு பாறைக் குன்றின்மேல் இந்நகரம் அமைந்துள்ளது. தாஜ்மகாலைக் காணச் செல்வோர் பலர், நேரம் இருந்தால் பார்க்கலாம் என்ற அளவில் இதனை ஒதுக்கிவிடுகின்றனர். கத்தோலிக்க மக்களாகிய நாம் அவ்வாறு ஒதுக்கிவிடலாகாது. மொகலாயப் பேரரசரின் அவையில் இயேசு கிறிஸ்துவின் நற்செய்தி முதன்முதலாக ஓதி விளக்கப்பட்ட இடம் இதுவே. அதுமட்டுமன்று, இந்நகரின் மிக உயர்ந்த வாயிலிலே இயேசுவின் பெயரால் ஒரு சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சொல்லின் பொருள் நகரை முழுவதும் சுற்றிப் பார்த்த பின்னரே விளங்கும். ஆதலின் அதனை இறுதியில் காண்போம்.

வேண்டுதலில் பிறந்த நகரம்

அக்பர் அரியணை ஏறியது 1556-இல். அப்போது அவருக்கு வயது 13. பத்தாண்டுகளுக்குள் வட இந்தியாவின் பெரும்பகுதி அவர் குடைக்கீழ் வந்தது. ஆயினும் அரண்மனையில் ஒரு குறை இருந்தது. பிறந்த குழந்தைகள் நிலைக்கவில்லை. அரசுக்கு உரிமை கொண்டாட ஆண்மகவு இல்லை. அந்நாளில் சிக்ரி என்னும் சிற்றூரின் குன்றில் சலீம் சிஷ்தி என்ற சூபி ஞானி தவவாழ்வு நடத்தி வந்தார். அக்பர் அவரை நாடிச் சென்று வேண்டினார். மூன்று புதல்வர் பிறப்பர் என்று ஞானி வாழ்த்தியதாகக் கூறுவர். 1569 ஆகஸ்ட் இறுதியில் முதற்புதல்வன் சிக்ரியிலேயே பிறந்தான். ஞானியின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் ஜஹாங்கீர் என்ற பட்டப்பெயருடன் ஆண்ட சலீம் இவனே. அடுத்த ஆண்டில் முராதும், 1572-இல் தானியாலும் பிறந்தனர்.

நன்றிப் பெருக்கால் அக்பர் ஆக்ராவை விட்டு, ஞானி வாழ்ந்த குன்றையே தம் தலைநகராக்கத் துணிந்தார். 1571-இல் பணி தொடங்கிற்று. 1573-இல் குஜராத் வெற்றிக்குப் பின் 'வெற்றி நகர்' என்னும் பொருள்பட பத்தேபூர் என்று பெயர் வழங்கலாயிற்று. மூன்று புறமும் சேர்த்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள மதில். நான்காம் புறம் பெரியதோர் ஏரி.

குன்றிலேயே வெட்டப்பட்ட செம்மணற்கல்லால் நகரம் முழுவதும் எழுந்தது. கட்டட வேலையில் அக்பருக்கு இருந்த ஆர்வத்தைக் கண்ணால் கண்ட மொன்செராத் என்னும் குருவானவர், பேரரசர் சில வேளைகளில் தொழிலாளரோடு தாமே நின்று கல்லுடைத்தார் என்று எழுதியுள்ளார். உளியோசை அரசரின் செவியைத் துளைக்காதபடி கற்கள் வேறிடத்தில் அளவாகச் செதுக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டதும் உண்டாம். இரும்புக் கருவியின் ஓசை கேளாமல் சாலமோன் ஆலயம் கட்டிய வரலாறு இதனால் அக்குருவின் நினைவுக்கு வந்தது.

குன்றின் மேல் ஓர் உலா

இன்று அரண்மனைப் பகுதிக்குள் நுழைந்தால் முதலில் நம்மைத் தாக்குவது அமைதி. சிவந்த முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விரிகின்றன. தூண்கள் கூர்மை மழுங்காமல் நிற்கின்றன. மரத்தில் செதுக்க வேண்டிய நுண்ணிய பூவேலையெல்லாம் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. குஜராத்திலிருந்தும் ராஜபுதனத்திலிருந்தும் வந்த கைவினைஞரின் மரபு, மொகலாயரின் மரபோடு இங்கே பிரிக்க முடியாமல் கலந்துவிட்டது.

பொதுமக்கள் குறை கேட்கும் மண்டபமாகிய திவானி ஆமைக் கடந்தால் திவானி காஸ் என்னும் சிறப்பு மண்டபம். வெளியே இரண்டு மாடிபோல் தோன்றும் இது, உள்ளே ஒரே அறை. நடுவில் ஒற்றைத் தூண். மேலே செல்லச் செல்ல அது 36 தாங்கு கற்களாய்த் தாமரைபோல் விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகிறது. அம்மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் நான்கு ஒடுங்கிய கற்பாலங்கள். அக்பர் நடுமேடையில் அமர, அமைச்சர்கள் மூலைகளில் நின்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. பேரரசின் நான்கு திசைகளும் ஒரே தூணின்மேல் நிற்பதாகக் காட்டும் அமைப்பு என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு.

அப்பால் அனூப் தலாவ் என்னும் சதுரக் குளம். அதன் நடுவில் ஒரு மேடை. அதற்கும் நான்கு பாலங்கள். இக்குளத்தைச் செம்பு, வெள்ளி, பொன் நாணயங்களால் நிரப்பி, அவற்றை அக்பர் வாரி வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பாடகர் தான்சேன் இங்கே அமர்ந்து இசைத்தார் என்று வழிகாட்டிகள் கூறுவர்.

ஐந்து மாடிகள் கொண்ட பஞ்ச மகாலைக் காணாதவர் பத்தேபூரைக் காணாதவரே. கீழ்மாடியில் 84 தூண்கள். மேலே செல்லச் செல்ல 56, 20, 12 எனக் குறைந்து, உச்சியில் நான்கே தூண்களின் மேல் ஒரு சிறு குவிமாடம். மொத்தம் 176 தூண்கள். சுவரே இல்லாத இக்கட்டடத்தில் காற்று நாற்புறமும் தடையின்றிப் புகுந்து செல்கிறது. கோடை வெயிலில் தகிக்கும் இக்குன்றில் அரச குடும்பத்தினர் காற்று வாங்க அமைந்த இடம் இது.

'மரியம் இல்லம்' என்று ஒரு மாளிகை உண்டு. பெயரைக் கேட்டவுடன் கிறிஸ்தவர்களின் உள்ளம் துள்ளும். அக்பருக்குப் போர்த்துக்கீசியக் கிறிஸ்தவ மனைவி ஒருத்தி இருந்தாள், அவள் பெயர் மரியாள் என்ற கதையும் நெடுங்காலமாய் வழங்கி வருகிறது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. சலீமின் தாயாகிய ஆம்பேர் நாட்டு ராஜபுத்திர இளவரசிக்கு 'இக்காலத்தின் மரியம்' என்னும் பொருள்பட மரியம் உஸ் ஜமானி என்ற விருதுப்பெயர் அளிக்கப்பட்டிருந்தது. அக்பரின் தாயாரும் மரியம் மக்கானி என்றே போற்றப்பட்டார். இயேசுவின் அன்னையைத் திருக்குர்ஆனும் உயர்வாகப் போற்றுவதால், அரச குலப் பெண்டிருக்கு அத்திருப்பெயர் பெருமைக்குரிய பட்டமாயிற்று. கதையைவிட இவ்வுண்மை நமக்கு அதிக மகிழ்ச்சி தருவதன்றோ?

வழக்காடிய வியாழன் இரவுகள்

1575-இல் அக்பர் இங்கே இபாதத் கானா என்னும் வழிபாட்டு இல்லம் ஒன்றைக் கட்டுவித்தார். வியாழன் இரவுகளில் சமய அறிஞர்கள் அதில் கூடினர். தொடக்கத்தில் இசுலாமிய அறிஞர் மட்டுமே அழைக்கப்பட்டனர். யார் எங்கே அமர்வது என்பதிலேயே பூசல் எழுந்தது. ஒருவர் நேரிய கொள்கையென்று சொன்னதை மற்றவர் திரிபு என்றார். சலிப்புற்ற அக்பர் பின்னர்ப் பிற சமயத்தவருக்கும் கதவைத் திறந்தார். இந்து அறிஞர்களும், நவசாரியிலிருந்து வந்த பார்சி குருவும், சமண முனிவர்களும் அவரோடு உரையாடினர். மகாபாரதத்தைப் பாரசீக மொழியில் பெயர்க்கும் பெரும்பணி 1582-இல் தொடங்கியதும் இதே நகரில்தான்.

அந்த இல்லம் இருந்த இடம் எதுவென்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. கருவூலமும் குதிரைக் கொட்டாரமும் அடையாளம் காட்டப்படும் ஊரில், எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே அமர்ந்து பேசிய கூடத்தின் இடம் ஐயத்துக்கிடமாகிப் போயிற்று.

கோவாவிலிருந்து வந்த மூவர்

1579-இல் அக்பரின் தூதர் கோவாவை அடைந்தார். கற்றறிந்த குருக்களை, அவர்கள் மறைநூல்களோடு அனுப்பிவைக்கும்படி கடிதம் வேண்டிற்று. இயேசு சபையார் மூவரைத் தேர்ந்தனர். தலைவர் ருடால்ஃப் அக்குவாவிவா. இத்தாலி நாட்டு அத்ரி என்னும் ஊரின் கோமகனுடைய மைந்தர், வயது 29. இரண்டாமவர் அந்தோணி மொன்செராத், கத்தலோனியா நாட்டவர். மூன்றாமவர் பிரான்சிஸ் ஹென்ரிக்கஸ். ஓர்முஸ் தீவைச் சேர்ந்தவர், இசுலாமிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர், பாரசீக மொழி அறிந்தவர். (1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட நம் அண்டிரிக் அடிகளார் வேறு, இவர் வேறு.) 1579 நவம்பரில் புறப்பட்ட மூவரும் 1580 பிப்ரவரி இறுதியில் பத்தேபூர் வந்து சேர்ந்தனர்.

ஆண்ட்வெர்ப் நகரில் பிளாந்தின் அச்சகம் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அவர்கள் பேரரசருக்குக் கையளித்தனர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளில் அமைந்த பெரிய ஏடுகள் அவை. அக்பர் தம் தலைப்பாகையைக் கழற்றி, ஒவ்வோர் ஏட்டையும் முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். நற்செய்தி எந்த ஏட்டில் உள்ளது என்று கேட்டு, அதற்குத் தனி வணக்கம் செலுத்தினார். எழுதப் படிக்க அறியாதவர் என்று அக்குருக்களே குறித்துள்ள ஒரு மன்னர், தாம் படிக்க இயலாத நூலுக்குச் செய்த வணக்கம் இது! அரண்மனை வளாகத்தில் அவர்கள் அமைத்த சிற்றாலயத்திற்கும் வந்து, மரியன்னையின் படத்தின் முன் வணங்கி நின்றார். தம் இரண்டாம் மகன் முராதுக்குப் போர்த்துக்கீசியமும் நன்னெறியும் கற்பிக்கும் பொறுப்பை மொன்செராத்திடம் ஒப்படைத்தார். சிறுவனுக்கு அப்போது வயது பத்துக்கூட நிறையவில்லை.

குருக்களின் உள்ளத்தில் நம்பிக்கை பொங்கியது. பேரரசர் மனந்திரும்பினால் நாடே திரும்பும் என்று எண்ணினர். ஆனால் அக்பரின் கேள்விகள் ஓயவில்லை. இறைவன் ஒருவர் எனில் மூவர் எவ்வாறு? இறைவனுக்கு மகன் எவ்வாறு? ஒரே மனைவியோடு வாழும் ஒழுங்கும் பேரரசருக்கு எளிதாயில்லை. வாதங்களில் குருக்கள் பயன்படுத்திய கடுஞ்சொற்கள் அவையினரைப் புண்படுத்தின. சற்றுத் தணிவாகப் பேசும்படி அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒருமுறை ஒரு விபரீத யோசனை எழுந்தது. இசுலாமிய அறிஞர் ஒருவர் குர்ஆனுடனும், குருக்களுள் ஒருவர் நற்செய்தி நூலுடனும் தீக்குள் இறங்கட்டும். எவர் வேகாமல் மீள்கிறாரோ அவர் மறையே உண்மை என்றனர். ருடால்ஃப் அடிகளார் மறுத்துவிட்டார். அஞ்சியதால் அன்று, இறைவனைச் சோதிப்பது கிறிஸ்தவனுக்குத் தகாது என்பதால். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டும்படி கேட்கப்பட்ட ஆண்டவர் அலகைக்கு அளித்த மறுமொழியை நாம் அறிவோமல்லவா?

1582-இல் மொன்செராத்தும் கோவா திரும்பியபின் ருடால்ஃப் தனித்திருந்தார். செபமும் நோன்பும் பாரசீக மொழிப் பயிற்சியுமே அவருக்குத் துணை. அவர்மேல் அக்பர் கொண்டிருந்த அன்பு குறையவில்லை. ஆனால் மனமாற்றமும் நிகழவில்லை. 1583 தொடக்கத்தில் அவர் விடைபெற்றபோது அக்பர் அளிக்க முன்வந்த பொருளை அவர் ஏற்கவில்லை. அரசரின் அன்னையிடம் அடிமைகளாயிருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை விடுவித்து அனுப்பும்படி மட்டுமே கேட்டார். வேண்டியது கிடைத்தது. மூன்றாண்டு உழைப்பின் கண்கூடான பயனாய் அவரோடு கோவாவுக்கு நடந்தது அந்த ஏழைக் குடும்பமே.

பாதுகாப்பு எங்கே, ஆபத்து எங்கே?

கோவா திரும்பிய ருடால்ஃப் அடிகளார், சால்செத் பகுதியின் பொறுப்பாளராய் நியமிக்கப்பட்டார். 1583 ஜூலையில் கன்கோலிம் என்னும் ஊரில் கோவில் கட்ட இடம் பார்க்கச் சென்றபோது, அவரும் இயேசு சபையைச் சேர்ந்த மற்ற நால்வரும், உடனிருந்த பொதுநிலையினர் சிலரும் ஊராரால் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவருக்கு வயது 32. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1893-இல் ஐவரையும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. போர்த்துக்கீசிய ஆட்சியாளர் அவ்வூராரின் கோவில்களை இடித்திருந்தனர். அச்சினமே அங்கு வாளை எடுத்தது. பின்னர் ஊர்த்தலைவர்களைப் பேச்சுக்கென்று அழைத்து, போர்த்துக்கீசியர் கொன்றதும் வரலாறு.

சற்றே எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவரல்லாத ஒரு பேரரசரின் தலைநகரில், எதிர்ச்சமயத்தார் நடுவில், அச்சமூட்டும் வாதங்களுக்கிடையில் மூன்றாண்டுகள் ருடால்ஃப் பாதுகாப்பாய் வாழ்ந்தார். கிறிஸ்தவ அரசரின் கொடி பறந்த மண்ணில் சில வாரங்களில் உயிர் துறந்தார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க இடமிருந்த ஊரில் அவர் உயிருக்குக் காவல் இருந்தது. கேட்பதற்கு முன்பே இடித்துவிட்ட ஊரில் குற்றமற்ற அவர் பலியானார். அவரது மரணச் செய்தி கேட்டு அக்பர் பெரிதும் வருந்தினார் என்று இயேசு சபையார் எழுதி வைத்துள்ளனர்.

ஏன் கைவிடப்பட்டது?

'தண்ணீர் இல்லாமல் போனதால் நகரம் கைவிடப்பட்டது' என்பதே அங்குள்ள வழிகாட்டிகள் அனைவரும் சொல்லும் விடை. 1582-இல் ஏரிக்கரை உடைந்ததென்பது உண்மையே. பாறைக் குன்றின் மேலுள்ள நகருக்கு நீர் ஏற்றுவது எளிதன்று என்பதும் மெய்யே. ஆனால் 1619-இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியபோது, ஜஹாங்கீர் இங்கே வந்து சில மாதங்கள் தங்கினார். அப்போதும் ஏரி பரந்து கிடந்ததை அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். ஆதலின் நீர்ப்பஞ்சம் ஒன்றே காரணமென்று கூறிவிட முடியாது.

1585-இல் காபூலை ஆண்ட அக்பரின் இளவல் மிர்சா ஹக்கீம் இறந்தார். வடமேற்கு எல்லையில் உஸ்பெக்கியரின் அச்சுறுத்தல் வளர்ந்தது. எல்லையைக் காக்க அக்பர் லாகூருக்குப் பெயர்ந்தார். 1598 வரை 13 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அரசர் இருக்குமிடமே தலைநகர். அவர் போனார்; அமைச்சர் போயினர்; படை போயிற்று; வணிகரும் பின்சென்றனர். வேறு தொழிலோ துறைமுகமோ ஆற்று வாணிகமோ இல்லாத ஊர், ஒரு மனிதரின் விருப்பத்தால் எழுந்து, அவர் இல்லாமையால் அடங்கிற்று.

அதே 1585-இல் இங்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், ஆக்ராவும் பத்தேபூரும் தனித்தனியே லண்டனைவிடப் பெரியவை என்று வியந்து எழுதினார். 1610-இல் வந்த வில்லியம் ஃபின்ச் என்ற மற்றோர் ஆங்கிலேயர், நகரம் பாழ்பட்டுக் கிடப்பதையும், இரவில் அவ்வழியே செல்வது ஆபத்தென்பதையும் எழுதினார். இடையே சென்றவை 25 ஆண்டுகளே! ஒரு பிள்ளை பிறந்து மணமுடிக்கும் காலத்திற்குள் லண்டனைவிடப் பெரிய நகரம் பாழாயிற்று.

வாயிலில் பொறித்த சொல்

இனி அந்த வாயிலுக்கு வருவோம். பெரிய பள்ளிவாசலின் தென்புறத்தில் நிற்கிறது புலந்த் தர்வாசா, அதாவது உயர்ந்த வாயில். 42 படிகள் ஏறிச் செல்லவேண்டும். தரையிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 54 மீட்டர். அதன் அடியில் நிற்கும் மனிதன் எறும்பாய்த் தோன்றுவான். அதன் வளைவில் பாரசீக எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. தக்காணத்தையும் கான்தேஷையும் வென்று திரும்பிய பேரரசர் பத்தேபூர் வந்து, ஆக்ராவுக்குப் புறப்பட்டதை அது கூறுகிறது. அடுத்து, எவரும் எதிர்பாராத ஒன்று. மரியாளின் மகன் இயேசு மொழிந்ததாக ஓர் அறிவுரை: இவ்வுலகம் ஒரு பாலம், அதைக் கடந்து செல்லலாம், அதன்மேல் வீடு கட்டலாகாது, உலகம் நிலைப்பது ஒரு நாழிகையே, அதைச் செபத்தில் செலவிடுக என்பது அதன் கருத்து.

இச்சொல் நம் நான்கு நற்செய்திகளில் இல்லை. இசுலாமிய மரபில் இயேசுவின் மொழியாகப் போற்றப்படும் பல சொற்களுள் ஒன்று இது. ஆயினும், மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றியும், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனைப் பற்றியும் உவமை சொன்ன நம் ஆண்டவரின் குரல் இதில் எதிரொலிக்கிறது என்பதை எவர் மறுப்பர்?

இக்கல்வெட்டின் ஆண்டைக் கவனியுங்கள். நகரம் செழித்திருந்தபோது பொறிக்கப்பட்டதன்று இது. இசுலாமியர் ஆண்டு 1010, அதாவது 1601-ஐ ஒட்டிய காலம். நகரம் காலியாகி 16 ஆண்டுகள் கழிந்தபின் வந்தது.

1601-இல் அக்பர் இங்கே வந்தபோது அவர் நிலை என்ன? இக்குன்றில் பிறந்து, மொன்செராத்திடம் பாடம் கற்ற முராது, குடியால் உடல் கெட்டு 1599-இல் இறந்துவிட்டான். அவையை நகைச்சுவையால் நிறைத்த பீர்பால் 1586-இல் போர்க்களத்தில் மாண்டார். தான்சேனின் குரலும் அடங்கிவிட்டது. எந்தப் பிள்ளையின் பிறப்புக்காக இந்நகரமே எழுப்பப்பட்டதோ, அந்தச் சலீம் அலகாபாத்தில் தந்தைக்கு எதிராகக் கலகக்கொடி உயர்த்தியிருந்தான். மறு ஆண்டே தந்தையின் ஆருயிர்த் தோழர் அபுல் பாசலை அவன் கொல்லுவித்தான். வேண்டிப் பெற்ற பிள்ளை, நேர்ந்து கட்டிய நகரம் இரண்டும் கைவிட்டுப் போயிருந்த வேளையில்தான் வெற்றிச் செய்தியோடு சேர்த்து அந்தச் சொல்லும் வாயிலில் ஏறிற்று. வெற்றியை மட்டும் பொறித்திருந்தால் அது மற்றுமோர் அரசரின் கல்வெட்டாய்ப் போயிருக்கும்.

பிள்ளைகளுக்காக வீடு கட்டும் பெற்றோர் நம் குடும்பங்களிலும் பலர். அறைகளைப் பெருக்கும் நாட்களில் பிள்ளைகளோடு பேசும் நேரம் சுருங்கிப் போவதை நாம் கவனிப்பதில்லை. 176 தூண்களை நிறுத்திய கைகளாலும் ஒரு மகனின் மனத்தை நிறுத்தி வைக்க இயலவில்லை.

இன்றும் உயிர் துடிக்கும் இடம்

பத்தேபூர் முழுவதும் ஆளற்றதன்று. குன்றின் அடியில் மக்கள் வாழும் ஊர் இருக்கிறது. குன்றின்மேலும் ஓரிடத்தில் உயிர்த்துடிப்பு நின்றதே இல்லை. பள்ளிவாசலின் சிவந்த பெருமுற்றத்தில் வெண்சலவைக்கல்லால் ஆன சிறு சமாதி ஒன்று முத்தென ஒளிர்கிறது. அது 1572-இல் மறைந்த ஞானி சலீம் சிஷ்தியின் அடக்க இடம். பலகணிகளின் கல்தட்டிகள் சல்லடைத் துணிபோல் அத்துணை நுட்பமாய்த் துளையிடப்பட்டுள்ளன. அவற்றில் எண்ணற்ற நூல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள், இந்துக்களும் இசுலாமியரும், அன்று அக்பர் வேண்டியதையே இன்றும் வேண்டி முடிச்சிட்டுச் செல்கின்றனர்.

பேரரசரின் கூடங்களை இந்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது. 1986-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரண்மனையைக் காண நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். தொழுமிடத்திற்குக் காலணியைக் கழற்றிவிட்டுச் செல்கிறோம். அரசர் இருந்த இடம் காட்சிப்பொருளாயிற்று. ஏழை ஞானி செபித்த இடம் இன்றும் செபிக்கும் இடமாகவே இருக்கிறது.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து டில்லி செல்லும் இரயில்கள் பல ஆக்ரா கண்டோன்மெண்ட் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ போகலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கோடையில் கல்தரை காலைச் சுடும். காலையிலேயே சென்றால் அரை நாளில் நிதானமாய்ப் பார்க்கலாம். திரும்பும் வழியில் ஆக்ரா பேராலய வளாகத்திலுள்ள 'அக்பர் கோவிலை'யும் கண்டு வாருங்கள். அக்பரின் இசைவோடு, 1600-ஐ ஒட்டி இயேசு சபையார் எழுப்பிய கோவில் அது. 1635-இல் இடிக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது.

ருடால்ஃப் அடிகளார் தம் பணி தோற்றதென்றே எண்ணி விடைபெற்றார். அவர் சென்ற பாதையில் பிறர் வந்தனர். புனித சவேரியாரின் உறவினரான எரோணிமுஸ் சவேரியார் 1595-இல் லாகூரில் அதே அக்பரின் அவையை அடைந்தார். இசுலாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது, பழம்பகையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயல்க என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் அறிவித்தது. அவ்வழியில் தட்டுத் தடுமாறி முன்னரே நடந்தவர்களுள் அந்த மூவரையும் எண்ணலாம். அவர்கள் கட்டிய சிற்றாலயத்தின் ஒரு கல்லும் இன்று அடையாளம் தெரியவில்லை. ஆயினும் அடிமைத்தளையினின்று விடுபட்ட அந்தக் குடும்பத்தின் விடுதலை, இறைவனின் ஏட்டில் எந்த வாயிலையும்விட உயரமாய் எழுதப்பட்டிருக்கும்.

வீடு கட்டுவோம், பிள்ளைகளை வளர்ப்போம், உழைப்போம். பாலத்தைக் கடப்போருக்கும் நிழல் வேண்டுமன்றோ? ஆனால் நிற்பது பாலத்தின்மேல் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.